எலும்பு ஒட்டிவிட்டது, அப்புறம்?

வாசகர் கேள்வி – பதில்

மூட்டு நோ பற்றிப் போன இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் நிறையப் பேர் சைக்கிளால் விழுந்தவர்களாக இருக்கிறார்கள். பள்ளிக்கூடம், சந்தை, ஒபிஸ், கடற்கரை என்று எல்லாவற்றுக்கும் சைக்கிளில் போகிற திருகோணமலையில் இது ஆச்சரியமில்லை. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அவர்களுக்கே. ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். உங்களில் ஒருவரையும் நான் நேரில் பார்க்கவில்லை, எக்ஸ்ரே படத்தையும் பார்க்கவில்லை. உங்கள் காலைத் தொட்டுப் பார்த்த டொக்டர் இதற்கு மாறாக ஏதாவது சொல்லியிருந்தால் அவர் சொன்னதைக் கேளுங்கள், நான் சொன்னதை விடுங்கள்.

ஐயா, எனக்கு 36 வயது. கொஞ்ச வருடமாக விடியற்காலையில் கூட்டாளிமாரோடு நிலாவெளி வீதியால் இறக்கக்கண்டிப் பாலம் வரைக்கும் சைக்கிள் ஓடி வந்தேன். சாம்பல்தீவுப் பக்கத்தில் பின்னால் வந்த டிப்பர் தட்டி வலது தொடை எலும்பும் இடது காறை எலும்பும் முறிந்தன. தொடைக்குள் கம்பி இருக்கிறது. ஏழு மாதம் ஆகிறது. கடைசிக் கிளினிக்கில் "எலும்பு ஒட்டிவிட்டது, இனி வரத் தேவையில்லை" என்றார்கள். ஆனால் முழங்கால் முழுக்க மடங்கவில்லை, படி இறங்கினால் கால் நடுங்குகிறது. மனைவி சைக்கிளை விற்கச் சொல்கிறா. காலையில் கூட்டாளிமார் மணியடித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டால் படுத்திருக்க முடியவில்லை. திரும்ப ஓடலாமா, இல்லை இந்த ஆசையை விட்டுவிடுவதா? – வாசகர், உப்புவெளி

ஆசையை விடத் தேவையில்லை, தம்பி. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், விழுந்து எழும்பினவருக்குச் சுற்றியிருக்கிற எல்லோரும் சொல்வது "உயிர் தப்பினதே பெரிய காரியம், இன்னும் சைக்கிளா?" என்பதுதான். அதைக் கேட்டுக் கேட்டு, திரும்ப ஓட ஆசைப்படுவதே ஏதோ நன்றிகெட்ட வேலை என்று ஆளுக்கே தோன்றத் தொடங்கிவிடும். அப்படி ஒன்றும் இல்லை. பயிற்சி செய்யாமல் படுத்துக் கிடக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், ஏதோ ஒன்றுக்கு ஆசைப்பட்டு நோவோடு காலை மடக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். யார் முதலில் நடக்கிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் "எலும்பு ஒட்டிவிட்டது" என்பதை நீங்கள் "சைக்கிள் ஓடலாம்" என்று எடுத்துக்கொண்டால் அங்கேதான் பிழை வரும். அந்த டொக்டர் பார்த்தது எலும்பை. முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் கட்டி, பிறகு மென்மையான ஒரு பாலம் வந்து, அது இறுகி எலும்பாகி, அதற்கும் பிறகு மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில், உடம்பு அதைச் செதுக்கி ஒழுங்கு பண்ணுகிறது. படத்தில் அந்தப் பாலம் வடிவாகத் தெரிந்தால் எலும்பு டொக்டரின் வேலை முடிந்தது, வெளியே வாங்கில் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தசை எக்ஸ்ரேயில் விழாது. உங்கள் தொடையில் மெலிந்துபோன தசை, மூட்டில் இறுகிப்போன சவ்வு, மறந்துபோன சமநிலை இதெல்லாம் யாருடைய கிளினிக்கிலும் தானாக வந்து நிற்காது, நீங்கள்தான் கேட்டு வாங்கவேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் இயன்மருத்துவப் (பிசியோதெரபி) பிரிவுக்கு ஒரு துண்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், காசு ஒன்றும் இல்லை. எங்கள் ஆட்களுக்கு டொக்டரிடம் வாய் திறந்து கேட்பதற்கு ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தால் வீணாய்ப் போன முழங்கால்கள் ஊரில் நிறைய.

இப்போது முழங்காலுக்கு வருவோம். சாதாரண சைக்கிளில் பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற, முழங்கால் கிட்டத்தட்ட 110 பாகை மடங்கவேண்டும். கதிரையில் நேராக இருந்து பாதத்தை முழங்காலுக்கு நேர் கீழே வைத்தால் 90 பாகை. அங்கேயிருந்து குதியைத் தூக்காமல் பாதத்தைக் கதிரைக்கு அடியில் பின்னுக்கு இழுங்கள். எவ்வளவு போகிறதோ அவ்வளவுதான் 90க்கு மேல் உங்களிடம் இருப்பது. ஏழு மாதத்துக்குப் பிறகு 90கூட வரவில்லை என்றால் வீட்டில் இருந்து தனியே இழுபட வேண்டாம், திரும்பவும் கிளினிக்குக்குப் போங்கள், "வரத் தேவையில்லை" என்று சொன்னது தடையுத்தரவு இல்லை. 90ஐத் தாண்டுகிறது என்றால் நல்ல செய்தி, மிச்சத்தை எடுக்கிறதுக்குச் சைக்கிளே உதவும்.

எப்படி என்றால், எங்கள் ஊர்ப் பழைய லுமாலா மாதிரி, பின் சில்லைத் தூக்கி நிறுத்துகிற இரட்டைக் கால் ஸ்டாண்ட் உள்ள சைக்கிள் ஒன்றை விறாந்தையில் சுவரோடு ஒட்டி நிறுத்துங்கள். முன் சில்லுக்கு இரண்டு பக்கமும் செங்கல் வையுங்கள். ஸ்டாண்ட் உறுதியாக நிற்கிறதா என்று ஆட்டிப் பார்த்து, முதல் கொஞ்ச நாளைக்கு யாரையாவது பிடிக்க வைத்து ஏறுங்கள். சீட்டை வழக்கத்தைவிட உயர்த்துங்கள், சீட் உயர உயர முழங்கால் மடங்கவேண்டிய அளவு குறையும். முதலில் முழுச் சுற்றுக்கு ஆசைப்படாதீர்கள். பெடலை முன்னுக்குப் பாதி, பின்னுக்குப் பாதி என்று தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஆட்டுங்கள். ஒரு நாள் பின்பக்கமாக முழுச் சுற்று வரும், பெரும்பாலும் முன்பக்கத்தைவிட அதுதான் முதலில் வரும். பிறகு முன்பக்கம். அதற்குப் பிறகு சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். ஓடி முடித்து அடுத்த நாள் காலையில் முழங்கால் வீங்கி, முந்தின நாளைவிடக் குறைவாக மடங்கினால் கூடிப்போய்விட்டது என்று அர்த்தம், ஒரு நாள் விட்டுக் குறைத்துச் செய்யுங்கள். ஓடும்போது கொஞ்சம் இழுத்து நோவது பரவாயில்லை.

படி இறங்கும்போது கால் நடுங்குவது தொடை முன்தசை தேய்ந்துபோனதால். தையல் நாடா எடுத்து, முழங்கால் சிரட்டையில் இருந்து ஒரு சாண் மேலே இரண்டு தொடையையும் ஒரே உயரத்தில் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இரண்டு சென்டிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரோட்டுக்கு இறங்க இன்னும் காலம் இருக்கிறது என்பது என் கணக்கு. கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருங்கள். ஒரு படியில் நின்று நல்ல காலை மெதுவாகக் கீழே தொட்டு மேலே எடுங்கள். உடைந்த கால்தான் வேலை செய்யவேண்டும், நல்ல கால் களவாக உதவி செய்யப் பார்க்கும், விடாதீர்கள். அப்புறம், சைக்கிளில் பாரம் குறைவு, நடப்பதைவிட மூட்டுக்குச் சுகம் என்று எல்லோரும் சொல்வது உண்மைதான், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் உண்மை. நாய் குறுக்கே பாயும், இல்லாவிட்டால் கோட்டைப் பக்கம் என்றால் மான் பாயும். பிரேக்கைப் பிடித்து ஒரு காலை நிலத்தில் ஊன்றுகிற அந்த ஒரு கணத்தில் உங்கள் உடம்பும் சைக்கிளும் அந்த ஒற்றைக் காலில்தான். ஆகவே உடைந்த காலில் ஒற்றையாக அரை நிமிடம் ஆடாமல் நிற்க முடியாதவர் ரோட்டில் ஓடக்கூடாது.

காறை எலும்பைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். சைக்கிள்காரர் விழுந்தால் அடிக்கடி முறிகிற எலும்பு அதுதான், கையை நீட்டியோ தோளைக் குத்தியோ விழுவதால். வளர்ந்தவர்களுக்கு ஆறில் இருந்து பன்னிரண்டு கிழமைக்குள் பெரும்பாலும் ஒட்டிவிடும். ஹாண்டிலைப் பிடித்துச் சாய்ந்து இருக்கும்போது மேலுடம்பின் பாரத்தில் ஒரு பங்கு அந்தத் தோளில் இறங்கும், பள்ளத்தில் சில்லு விழுந்தால் இன்னும் கூட. சுவரில் இரண்டு கையையும் ஊன்றித் தண்டால் எடுத்துப் பாருங்கள். நோகாமல் முடிந்தால் சரி. இன்னொன்று, இடது தோளுக்கு மேலாலும் வலது தோளுக்கு மேலாலும் திரும்பிப் பின்னால் பாருங்கள். டிப்பர் வருவது வலது பக்கத்தால். கழுத்தும் தோளும் திரும்பவில்லை என்றால் கால் எவ்வளவு பலமாக இருந்தும் பிரயோசனமில்லை.

இனி மனைவி. விபத்து உங்களுக்கு மட்டும் நடக்கவில்லை, தம்பி. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அந்த போன் அழைப்பை எடுத்தவர் அவ. உங்களுக்கு அந்த நேரம் நினைவு கிடந்ததோ தெரியாது, அவவுக்கு ஒவ்வொரு நிமிடமும் நினைவிருக்கும். "நான் கட்டாயம் ஓடுவேன்", "விடமாட்டேன்" என்று இரண்டு பேரும் நின்றால் சைக்கிள் மச்சான் வீட்டுக்குத்தான் போகும். விறாந்தையில் நிற்கிற சைக்கிளில் ஏறும்போது பிடிக்க அவவைக் கூப்பிடுங்கள். எத்தனை பாகை மடங்குகிறது என்று அவவை அளக்கச் சொல்லுங்கள். பயப்படுகிற ஆளிடம் "பயப்படாதே" என்று சொல்லி ஒரு பலனும் இல்லை. கால் எவ்வளவு தேறுகிறது என்று தன் கண்ணால் பார்த்தால் கொஞ்சம் இளகும். இளகாமலும் போகலாம், அதற்கும் அவவுக்கு உரிமை இருக்கிறது.

ரோட்டுக்கு இறங்குகிற நாள் வந்தால் முதல் இடம் நிலாவெளி வீதி இல்லை. மைதானத்தைச் சுற்றி ஓடுங்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்துறைமுக வீதி. ஓர்ஸ்ஹில் ஏற்றம் பிந்தி. சாம்பல்தீவுப் பக்கத்துக்கு முதல் தரம் போகும்போது தனியாகப் போகவேண்டாம், மழை நாளில் போகவேண்டாம், அந்த இடம் கிட்ட நெஞ்சு படபடத்தால் வெட்கப்படாமல் இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள். இரண்டு மூன்று தரம் உருட்டினால் அது தானாகக் குறையும், அந்த இடத்தைச் சுற்றிப் போனால் குறையாது. ஆனால் இரவில் அதே கனவு வருகிறது, லொறிச் சத்தம் கேட்டாலே உடம்பு விறைக்கிறது, நித்திரை இல்லை என்று மாதக்கணக்கில் இழுத்தால் அது மனசுக்கு வந்த காயம், அதற்கும் வைத்தியம் இருக்கிறது. 1926க்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் கதைக்கலாம்.

கடிதத்தின் கடைசியில், நான் மேலே போடாத பகுதியில், வன் ஃப்ளூட்டனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உண்மைதான், நெதர்லாந்து சைக்கிள் வீராங்கனையான அனமீக் வன் ஃப்ளூட்டன் 2016 ரியோ ஒலிம்பிக்கில் முன்னணியில் இருந்தபோது இறக்கத்தில் விழுந்து முள்ளந்தண்டில் மூன்று இடத்தில் வெடிப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனவர், அடுத்த வருடமே நேரப் பந்தயத்தில் உலகச் சம்பியன், டோக்கியோவில் தங்கம். கிறிஸ் ஃபுரூமையும் பாருங்கள். ரூர் டி பிரான்ஸை நாலு தரம் வென்றவர், 2019 ஜூனில் விழுந்து தொடை எலும்பு, முழங்கை, விலா எல்லாம் முறிந்தன. எட்டு மாதத்தில் பந்தயத்துக்குத் திரும்பினார், வருடக்கணக்கில் ஓடினார், ஆனால் அதற்குப் பிறகு ஒரு பந்தயத்தையும் வெல்லவில்லை. இரண்டு பேருக்கும் பின்னால் முழு நேர வைத்தியர் பட்டாளம் இருந்தது. உங்களுக்கு இருப்பது விறாந்தையும் செங்கலும். கூட்டாளிமாரோடு இறக்கக்கண்டிவரை போய்வந்தால் போதும் என்றால் நல்ல வாய்ப்பு இருக்கிறது. அவர்களுக்கு முன்னால் போகவேண்டும் என்றால் அந்த எண்ணத்தை இந்த வருடம் ஒதுக்கி வையுங்கள்.

அஸ்ஸலாமு அலைக்கும் சேர். வயது 19. மூன்று கிழமைக்கு முன் பாலத்துக்குக் கிட்ட விழுந்து தலை அடிபட்டது. கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்றே தெரியாது. ஸ்கேன் கிளியர். ஆனால் இன்னும் தலையிடி, போன் பார்த்தால் கண் கூசுது, படிச்சது மனசில் நிற்குதில்லை. அடுத்த மாதம் சைக்கிள் ஓட்டப் போட்டி இருக்கு. கலந்துகொள்ளலாமா? – கிண்ணியா

வஅலைக்குமுஸ்ஸலாம் தம்பி. இல்லை.

ஸ்கேன் கிளியர் என்றால் உள்ளே இரத்தக் கசிவு இல்லை, மண்டையோடு வெடிக்கவில்லை என்பதுதான். மூளை குலுங்கியதைச் ஸ்கேன் காட்டாது. உங்களுக்கு இருக்கிற தலையிடி, கூச்சம், மறதி எல்லாம் அந்தக் குலுக்கத்தின் அடையாளங்கள். மூன்று கிழமை இருப்பது புதினமும் இல்லை, பயப்படவும் தேவையில்லை, இளம் ஆட்களுக்கு ஒரு மாதம் வரைக்கும் எடுக்கும். இருட்டறையில் படுத்துக் கிடக்கச் சொல்கிற காலம் போய்விட்டது. முதல் ஓரிரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு நடக்கலாம், தலையிடி கூடாத அளவுக்கு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டலாம். நடை, பிறகு அசையாத சைக்கிளில் மெதுவாக மிதிப்பது, பிறகு மூச்சு வாங்க மிதிப்பது, ரோட்டில் தனியாக ஓடுவது, எல்லாம் கடந்துதான் போட்டி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் குறைந்தது ஒரு முழு நாள் விடவேண்டும், தலையிடி திரும்பினால் ஒரு படி கீழே. ஒவ்வொரு நாளும் பெனடோல் போட்டு நோவை மூடிக்கொண்டு "சரியாகிவிட்டது" என்று சொல்வது கணக்கில் வராது, அப்படித் தொடர்ந்து போட்டால் அந்தக் குளிசையே தலையிடியைத் தரும். டொக்டரைத் திரும்ப ஒருக்கால் பாருங்கள், போட்டிக்கு அவர் அனுமதி வேண்டும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், முதல் அடி ஆறுவதற்குள் தலையில் இரண்டாவது அடி பட்டால் விளைவு முதலாவதைவிடப் பல மடங்கு மோசமாகலாம், இளம் வயதில் உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்தி திரும்பத் திரும்ப வந்தால், தலையிடி ஏறிக்கொண்டே போனால், பேச்சுக் குளறினால், ஒரு கை கால் பலமிழந்தால், எழுப்பினாலும் எழும்பாத தூக்கம் என்றால் அடுத்த நாள் வரை காத்திருக்காமல் 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. விழும்போது போட்டிருந்த ஹெல்மெட்டை வீசிவிடுங்கள். வெளியில் ஒரு கீறலும் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கிற நுரை ஒரு அடிக்குத்தான் செய்தது.

என் மகனுக்கு ஒன்பது வயது. சைக்கிளால் விழுந்து முழங்கைக்கு மேல் முறிந்தது. கட்டு வெட்டி ஒரு மாதம். கை முழுக்க நீளவில்லை. மாமி, முறிவு நெரிவு வைத்தியரிடம் கூட்டிப்போய் எண்ணெய் போட்டு உருவி இழுத்தால் நீளும் என்கிறா. கூட்டிப்போகட்டா? – ஒரு தாய், பாலையூற்று

மாமியோடு நான் சண்டைக்கு வரவில்லை, அம்மா. எங்கள் ஆட்களிடம் நல்ல முறிவு நெரிவு வைத்தியர்கள் இருக்கிறார்கள். ஆனால் பிள்ளையின் முழங்கையை மட்டும் யாரும் உருவவோ இழுக்கவோ விடாதீர்கள், வைத்தியரும் வேண்டாம், தூரத்து மாமாவும் வேண்டாம். முறிந்த முழங்கையைப் பலவந்தமாக இழுத்தால் அதைச் சுற்றியிருக்கிற தசைக்குள்ளேயே எலும்பு வளரத் தொடங்கலாம், அப்புறம் அது முழுக்க நீளாமலே போகலாம். பிள்ளைகளின் முழங்கை தானாகவே மெதுவாகத் திரும்பும், சில மாதம் எடுக்கும், நீங்கள் செய்யவேண்டியது அந்தக் கையால் விளையாட விடுவது. பந்து எறியட்டும், வாளியில் தண்ணீர் அள்ளி ஊற்றட்டும், சுவரில் உயரத்தில் வெண்கட்டியால் கோடு போடட்டும். விரல் விறைக்கிறது, பலமில்லை என்று சொன்னால் மட்டும் உடனே கிளினிக்.

சைக்கிளா? ஹாண்டிலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து பிரேக்கைப் பிடிக்க முடிந்து, டொக்டரும் சரி என்றால் கொடுங்கள். ஒன்பது வயதுக்காரரைப் பிடித்து வைக்கிறது உங்களாலும் முடியாது.

எனக்கு 53 வயது, முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். சைக்கிளில் கேற்றடியில் நிற்பாட்டி இறங்கும்போது சரிந்து கையை ஊன்றினேன், மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டு வெட்டியாகிவிட்டது. வேலைக்குச் சைக்கிளில்தான் போகவேண்டும், ஆனால் ஏறப் பயமாக இருக்கிறது. – லிங்கநகர்

அக்கா, பயத்தைவிட எனக்கு யோசனை தருவது வேறு. நின்ற நிலையில் இருந்து சரிந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்திருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும். இப்படி மெதுவாக விழுந்து மணிக்கட்டு முறிவதுதான் பல பேருக்கு அதன் முதல் அறிவித்தல், அடுத்தது நாரி எலும்பு, அதற்கடுத்தது இடுப்பு என்று போகலாம். எலும்பு அடர்த்திப் பரிசோதனை ஒன்று செய்ய வேண்டுமா என்று டொக்டரிடம் நீங்களாகவே கேளுங்கள். நெத்தலியை முள்ளோடு சாப்பிடுங்கள், முருங்கையிலை சுண்டுங்கள். காலை வெயில் எங்கள் ஊரில் தட்டுப்பாடில்லை, குடையைக் கொஞ்சம் மடக்குங்கள். சீனி வருத்தம் இருந்தால் அதையும் கட்டுப்பாட்டில் வையுங்கள், அது எலும்பு ஒட்டுவதையும் பிந்த வைக்கும்.

சைக்கிளுக்கு வருவோம். பார் இல்லாத லேடீஸ் சைக்கிள்தானே? சீட்டை இறக்குங்கள், சீட்டில் இருந்தபடியே இரண்டு பாதமும் நிலத்தில் தட்டையாகப் படுகிற அளவுக்கு. மிதிக்கிறதுக்கு அது சரியான உயரம் இல்லை, முழங்காலுக்குக் கொஞ்சம் பாரம்தான், ஆனால் இப்போது உங்களுக்கு வேண்டியது வேகம் இல்லை, விழமாட்டேன் என்ற நம்பிக்கை. ஒழுங்கைக்குள் மிதிக்காமல் காலால் உந்தி உந்திப் போங்கள், சின்னப் பிள்ளைகள் பழகுகிற மாதிரியே. நிற்பாட்டி இறங்குவதை மட்டும் தனியாகப் பழகுங்கள், நீங்கள் விழுந்தது அங்கேதானே. பிரேக் லீவர் இறுக்கம் என்றால் சைக்கிள் கடையில் கேபிளுக்கு எண்ணெய் விட்டு இலகுவாக்கித் தருவார்கள். ஈரத் துணியை இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிய முடிகிற அன்று ரோட்டுக்குப் போகலாம். சாறி என்றால் முந்தானையைச் செருகுங்கள். இதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

காலுக்குள் பிளேட்டும் ஸ்குரூவும் இருக்கின்றன. கழற்றாமல் சைக்கிள் ஓடலாமா? மாரியில் உள்ளே குத்துகிறது. – தம்பலகாமம்

ஓடலாம். எலும்பு ஒட்டின பிறகு அது உள்ளே சும்மா கிடக்கிறது, தொந்தரவு இல்லை என்றால் வளர்ந்தவர்களுக்குக் கழற்றவேண்டிய கட்டாயம் இல்லை. சப்பாத்து உரசுகிற இடத்தில் தட்டுப்பட்டால், கிருமி தொற்றினால், ஸ்குரூ இளகினால் கழற்றுவார்கள். கழற்றினால் ஸ்குரூ இருந்த ஓட்டைகளில் எலும்பு நிரம்பக் கொஞ்ச மாதம் எடுக்கும், அதுவரைக்கும் அந்த இடம் பலவீனம், விழுந்தால் திரும்ப முறியலாம். ஆகவே கழற்றின கையோடு சைக்கிளில் ஏறுவதுதான் கூடாது. மாரியில் குத்துவதாக நிறையப் பேர் சொல்கிறார்கள், சூட்டு ஒத்தடம் கொடுங்கள், கொஞ்சம் நடந்து சூடேற்றுங்கள். சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தால் அது மாரி இல்லை. சிகரெட் பழக்கம் இருந்தால் விடுங்கள், எலும்பு ஒட்டுவதற்கு அதைப்போல எதிரி இல்லை.

கடலுக்குள் நடந்தால் கால் கெதியாகத் தேறும் என்கிறார்கள், உண்மையா? – அலஸ்தோட்டம்

இடுப்பளவு தண்ணீரில் உடம்புப் பாரத்தில் ஏறக்குறைய பாதிதான் காலில் இறங்கும், நெஞ்சளவு என்றால் இன்னும் குறையும், அதனால் பாரம் தாங்கத் தொடங்குகிறவர்களுக்கு நல்லது. காயம் முழுக்க மூடியிருக்கவேண்டும், வெளியில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் தண்ணீரே கூடாது. உப்புவெளிக் கடல் சோளகக் காலத்தில் குளம் மாதிரிக் கிடக்கும், அப்போது யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வாடைக் காலத்தில் நல்ல கால் உள்ளவர்களே இறங்கக்கூடாது.

தம்பிக்கு 24 வயது. சைக்கிளில் போகும்போது வாகனம் மோதி முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஒரு வருடம் கடந்துவிட்டது. டொக்டர்மார் நடப்பது கஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் எப்போதும் சைக்கிள் வீடியோதான் பார்க்கிறான். "எப்ப அக்கா நான் திரும்ப ஓடுறது" என்று கேட்கிறான். என்ன பதில் சொல்வது? – மூதூர்

தங்கச்சி, பொய் சொல்லாதீர்கள். "அடுத்த வருடம் ஓடுவாய்" என்று சொல்லி ஆளைத் தேற்றுவது இன்றைக்கு இலகு, அடுத்த வருடம் வரும். இருபத்துநாலு வயது ஆளுக்குத் தன் உடம்பைப் பற்றி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விசயம் தனக்கு மட்டும் தெரியாமல் இருப்பதைவிடப் பெரிய தனிமை இல்லை. டொக்டரையே அவனோடு நேராகக் கதைக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் இருங்கள்.

அதோடு முடியவில்லை. கிறிஸ்டினா ஃபோகல் என்று ஒரு ஜேர்மன் வீராங்கனை, ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றவர். 2018இல் பயிற்சியில் இன்னொருவரோடு மோதி முள்ளந்தண்டு உடைந்து கால் இரண்டும் செயலிழந்துவிட்டன. அவர் பந்தய சைக்கிளுக்குத் திரும்பவில்லை, திரும்புவேன் என்று பாசாங்கும் பண்ணவில்லை. அடுத்த வருடமே தன் ஊர் நகரசபைக்குத் தெரிவானார். தம்பிக்கு அவரைப் பற்றிச் சொல்லுங்கள், ஆனால் "பார், அவள் எவ்வளவு தைரியம்" என்று சொல்லிக் காட்டவேண்டாம், அப்படிக் கேட்டால் எனக்கே கோபம் வரும்.

அவன் கேட்பது சைக்கிளையா, இல்லை முகத்தில் காற்றுப் பட வேகமாகப் போவதையா என்று அவனிடமே கேளுங்கள். இரண்டாவது என்றால் வழி இருக்கிறது. கையால் சுற்றி ஓடுகிற மூன்று சில்லு வண்டியை யுத்தத்தில் கால் இழந்தவர்கள் எங்கள் பகுதியில் எவ்வளவு காலமாக ஓடுகிறார்கள், அதையே விளையாட்டுக்கென்று தாழ்வாக, நீளமாகச் செய்து உலகத்தில் பந்தயமே ஓடுகிறார்கள். பிரதேச செயலகத்தில் சமூகசேவை உத்தியோகத்தரிடம் உதவி கேட்டு விண்ணப்பம் கொடுங்கள். வண்டி வந்த பிறகு இரண்டு விசயத்தில் கவனம் வேண்டும். உணர்வில்லாத இடத்தில் இருக்கைப் புண் வந்தால் அவனுக்கு நோகாது, அதனால் தடித்த மெத்தை போட்டு, அடிக்கடி கையை ஊன்றி உடம்பைத் தூக்கி, இரவில் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்க்கவேண்டும். மற்றது தோள். இனி அவனுக்குக் காலும் அதுதான், கட்டிலில் ஏறுவதும் அதால்தான், ஆகவே ஓடுகிற ஆசையில் தோளை உடைத்துக்கொள்ளாமல் மெதுவாகக் கூட்டவேண்டும். முதல் ஓட்டத்துக்கு நீங்களும் பக்கத்தில் சைக்கிளில் போங்கள்.

விபத்தில் நெளிந்த பழைய சைக்கிளையே திருத்தி ஓடலாமா? அப்பா வாங்கித் தந்தது. – சீனக்குடா

சில்லு நெளிந்தால் கம்பி இறுக்கி நேராக்கலாம், ஹாண்டில், பெடல், சீட் எல்லாம் மாற்றலாம். பார்க்கவேண்டியது சட்டமும் முன் கவையும். பெயின்ற் வெடித்திருக்கிற இடம், ஒட்டுப் போட்ட மூட்டு, ஹாண்டில் தண்டு இறங்குகிற கழுத்து இந்த மூன்றையும் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள், மயிரளவு கோடு தெரிந்தாலும் ஓடக்கூடாது. இரும்புச் சட்டம் என்றால் நல்ல ஒட்டுக்காரர் சரிப்படுத்தலாம், அலுமினியத்தை ஒட்டி நம்புவது கஷ்டம், கார்பன் என்றால் வெளியில் தெரியாமலே உள்ளே உடைந்திருக்கலாம். முன் கவை நெளிந்திருந்தால் நிமிர்த்தித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள், புதுசு வாங்குங்கள், ஓடிக்கொண்டிருக்கும்போது அது முறிந்தால் முகம்தான் முதலில் நிலத்தில் படும். சட்டத்தையே கைவிடவேண்டி வந்தால் மணியையும் கரியரையும் கழற்றிப் புதுச் சைக்கிளுக்குப் போடுங்கள், அப்பா கோபிக்கமாட்டார்.